கட்டுத்தரையில் ஊசி, மாயாற்றில் சாவு

பவானிசாகர் பக்கம் ஒரு தோட்டத்தில் மடிநோய் கண்ட கறவை மாட்டைப் பார்க்கப் போயிருந்தேன். கட்டுத்தரை எரவாணத்தில் டைக்ளோஃபீனாக் என்ற வலி ஊசியின் ஆம்பியூல்கள் செருகியிருந்தன, எல்லாம் காலி. "மெடிக்கல்ல குடுத்தாங்க டாக்டரே. மனுசனுக்கே போடற ஊசிதானுங்க, மாட்டை என்னங்க பண்ணிப்போடும்?" என்றார் தோட்டக்காரர். இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

மாட்டை ஒன்றும் பண்ணாது. மாட்டுக்காக இங்கே யாரும் பயப்படவில்லை. ஊசி போட்ட இரண்டு மூன்று நாளில் அந்த மாடு செத்து, காட்டோரம் இழுத்துப் போட்டால், அதைத் தின்கிற பாறுக் கழுகுக்குச் சிறுநீரகம் பழுதாகிவிடும். அவ்வளவுதான், பிழைக்காது. கால்நடைகளுக்கு இந்த மருந்தை 2006-லேயே தடை செய்தாயிற்று. மனிதர்களுக்கு என்று வரும் பெரிய குப்பிகள் மாட்டுக்குப் போகின்றன என்று 2015-ல் அதையும் 3 மில்லி ஒற்றை டோஸாக்கினார்கள். நம் ஆட்கள் சளைத்தவர்களா? ஒன்றுக்கு அஞ்சாறு ஆம்பியூலாக உடைக்கிறார்கள். 2023-ல் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபீனாக் என்ற வேறு இரண்டு வலி மருந்துகளுக்கும் கால்நடைகளில் தடை வந்தது. அசிக்ளோஃபீனாக் மாட்டின் உடம்புக்குள் போனதும் டைக்ளோஃபீனாக்காகத்தான் மாறும். இது தெரிந்தும் எழுதிக் கொடுத்த டாக்டர்கள் எங்கள் தொழிலிலேயே இருந்தார்கள் என்பது வெட்கக்கேடு.

எனக்கு அதிகம் எரிச்சல் தருவது இன்னொரு பேச்சு: "ஒரு மாட்டுக்குப் போடறதாலயா கழுகே அழிஞ்சு போகும்?" ஆமாங்க, போகும். வெண்முதுகுப் பாறு 1990-களின் தொடக்கத்தில் இருந்து பதினைந்து வருசத்துக்குள் இந்தியாவில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் காணாமல் போனது. அந்த அளவு சரிவுக்கு எத்தனை செத்த மாடுகளில் மருந்து இருந்திருக்க வேண்டும் என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்குப் போட்டார்கள். நூற்றில் ஒன்றுகூட வேண்டியதில்லை, அதற்கும் குறைவே போதும் என்று வந்தது. காரணம், பாறு தனியாகச் சாப்பிடுகிற பறவை இல்லை. பந்தி போட்ட மாதிரி கூட்டமாக இறங்கும். ஒரு பிணத்தில் மருந்து இருந்தால் அந்தப் பந்தியே போச்சு. இழந்ததை ஈடுகட்டவும் முடியாது. வருசத்துக்கு ஒரே முட்டை. குஞ்சு வளர்ந்து இனம் பெருக்க நாலைந்து வருசம் ஆகும். உங்கள் ஒரு ஊசியை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள்.

அடுத்து, "எங்கூர்ல கழுகே இல்லீங்களே" என்பார்கள், அன்னூரிலும் கோபியிலும். பாறு ஒரே நாளில் நூறு கிலோமீட்டருக்கு மேலும் சுற்றும். மாடும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. உங்கள் ஊரில் ஊசி போட்ட மாடு புளியம்பட்டிச் சந்தையில் கைமாறி, அடுத்த நாள் காட்டோரப் பட்டியில் நிற்கும்.

வெண்முதுகு, கருங்கழுத்து, செந்தலை, மஞ்சள்முகம் என நான்கு வகைப் பாறுகளும் தமிழ்நாட்டில் இன்னும் இருப்பது நீலகிரி அடிவாரத்து மாயாற்றுப் பள்ளத்தாக்கில். சத்தியமங்கலம் 2013-ல் புலிகள் காப்பகம் ஆனது, பக்கத்திலேயே முதுமலை. காப்பகம் என்று பலகை வைத்துவிட்டால் எல்லாம் வனத்துறை பார்த்துக்கொள்ளும் என்று ஒரு நினைப்பு. வெண்முதுகுப் பாறு கூடு கட்டுவது ஆற்றோரத்து உயர்ந்த நீர்மருது மரங்களில். அந்த மரங்களைக் காக்கலாம். சீமைக் கருவேலத்தையும் உண்ணிச்செடியையும் வெட்டி, கனத்த பறவை இறங்கி ஏற வெட்டவெளி உண்டாக்கலாம். நோய்ச் சந்தேகம் இல்லாமல் செத்த மானையோ காட்டெருமையையோ எரிக்காமல் புதைக்காமல் அப்படியே விடலாம், விடவும் வேண்டும். இது எல்லாம் காட்டுக்குள் செய்கிற வேலை. கட்டுத்தரைக்குள் எந்த வனக்காவலரும் வந்து நிற்க முடியாது.

சரி, என்னதான் செய்வது? வலிக்கும் காய்ச்சலுக்கும் மெலாக்சிகாம் இருக்கிறது, டால்பினமிக் அமிலம் இருக்கிறது. மாட்டுக்கும் வேலை செய்யும், பாறுக்கும் ஆபத்தில்லை. "அது சுருக்கா கேக்கறதில்லீங்க" என்று சொல்லாதீர்கள். கிருமியால் வரும் மடிநோயில் வலி மருந்தை மட்டும் போட்டுவிட்டு எதைக் கேட்கச் சொல்கிறீர்கள்? மருந்துக்கடையில் நீங்களாக எதையும் வாங்கிப் போடாதீர்கள். 1962-க்குப் போன் செய்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும். யாரோ தெரியாமல் டைக்ளோஃபீனாக் போட்டு மாடும் செத்துவிட்டதா? மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள், ஆழக் குழி தோண்டிப் புதையுங்கள். அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) சந்தேகம் என்றால் தோலுரிக்கவோ அறுக்கவோ கூடாது. சுண்ணாம்பு போட்டுத்தான் புதைக்க வேண்டும்.

அப்புறம் ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். கன்றுக்குட்டியைச் சிறுத்தை அடித்துவிட்டால் வயிறு எரியும், தெரியும். அந்த ஆத்திரத்தில் மிச்சக் கறியில் குருணைப் பூச்சிமருந்தைத் தடவி வைக்காதீர்கள். சிறுத்தை திரும்பி வருவதற்குள் பாறுகள் இறங்கிவிடும். நீங்கள் பகை வைத்தது ஒன்றின் மேல், சாவது வேறு. வனத்துறைக்குத் தகவல் கொடுங்கள், அடிபட்ட கன்றுக்கு இழப்பீடு உண்டு. அவர்கள் வந்து பார்க்கிறவரை உடலை நகர்த்தாதீர்கள், படம் எடுத்து வையுங்கள். மனு எழுதத் தெரியாவிட்டால் பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள், நாங்கள் எழுதித் தருகிறோம்.