சிட்டை எண்ணை மாற்றினால் யாருடைய கணக்கு வரும்?

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடைக்குச் செயலி எழுதுவதாக வைத்துக்கொள்வோம். உசிலம்பட்டிப் பக்கம் மல்லி போடும் விவசாயி, போன் நம்பரும் ஓடிபியும் கொடுத்து உள்ளே போனால் அன்றைய சிட்டை தெரியும்: எடை, கிலோ விலை, கமிஷன் பிடித்தம், முன்பணப் பாக்கி. இணைய முகவரியின் கடைசியில் சிட்டை எண் 4127. அதை 4128 என்று திருத்தியதும் பக்கத்து ஊர்க்காரரின் கடன் பாக்கி திரையில் வருகிறதா? அந்தச் செயலியில் அணுகல் கட்டுப்பாடு, அதாவது யார் எதைப் பார்க்கலாம், மாற்றலாம் என்ற காவல், உடைந்திருக்கிறது.

ஓடிபி சரியாகத்தான் வேலை செய்தது. வந்திருப்பவர் யார் என்று சர்வர் கேட்டது. இந்தச் சிட்டை அவருடையதா என்று கேட்கவே இல்லை. இணையப் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பு வெளியிடும் முக்கிய ஆபத்துகளின் 2017 பட்டியலில் ஐந்தாவதாக இருந்த இந்த வகைக் குறை, 2021இல் முதலிடத்துக்கு வந்தது. அமெரிக்காவின் ஃபர்ஸ்ட் அமெரிக்கன் நிறுவனத்தில் இணைப்பிலுள்ள எண்ணை மாற்றினாலே, லாகின்கூட இல்லாமல் சுமார் 88.5 கோடி ஆவணங்களைப் பார்க்க முடிந்தது 2019இல் வெளியே தெரிந்தது. பாதுகாப்புக் குறைகளைத் தேடும் தானியங்கி ஸ்கேனர்கள் இதை எளிதில் தவறவிடுகின்றன. சர்வரின் பதில் ஒழுங்காக 200, அதாவது ‘சரி’, என்று வருகிறது. எந்தச் சிட்டை யாருக்குச் சொந்தம் என்பது ஸ்கேனருக்குத் தெரியாது.

தீர்வை, டேட்டாபேஸிடம் தகவல் கேட்கும் வினவலிலேயே வைக்க வேண்டும். ‘எண் 4128 உள்ள பதிவு’ என்று கேட்பது போதாது. ‘எண் 4128, விவசாயி இன்னார்’ என்று இரண்டு நிபந்தனையும் சேர்ந்தே போக வேண்டும். அந்த ‘இன்னார்’, உள்ளே வந்தவர் யார் என்று சர்வர் குறித்து வைத்திருக்கும் செஷனிலிருந்து வர வேண்டும். பிரவுசர் அனுப்பும் விவசாயி எண்ணை நம்பினால், மாற்றுகிறவர் இரண்டு எண்ணையும் சேர்த்தே மாற்றிவிடுவார். பதிவு கிடைக்காவிட்டால் 404 (‘இல்லை’) கொடுப்பது நல்லது. 403 (‘அனுமதி இல்லை’) கொடுத்தால் அப்படியொரு சிட்டை இருக்கிறது என்பதே தெரிந்துவிடும்.

வரிசை எண்ணுக்குப் பதில் யூயூஐடி என்ற நீண்ட அடையாளக் குறியீட்டை வைத்தால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். நான்காம் வகை யூயூஐடியில் 122 பிட் தற்செயலாக உருவாவதால் ஊகிக்க முடியாது, உண்மைதான். ஆனால் ஒருவர் அந்த இணைப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் சோதனையில்லாத கதவு மறுபடி திறந்துவிடுகிறது.

கணக்குப்பிள்ளைக்கு ‘அழி’ பட்டனைத் திரையில் மறைப்பதும் பாதுகாப்பாகாது. பட்டன் இல்லாமலே டெலீட் கோரிக்கையைச் சர்வருக்கு நேரடியாக அனுப்பலாம். சர்வரில் கோரிக்கை வந்து சேரும் ஒவ்வொரு பாதையும் முதலில் மூடியிருக்கட்டும். யாருக்கு அனுமதி என்று எழுதி வைத்திருக்கிறோமோ அவருக்கு மட்டும் திறக்கட்டும். பெயர் திருத்தும் படிவத்தோடு ‘பொறுப்பு: முதலாளி’ என்று ஒரு கூடுதல் புலம் வந்தாலும் சேமித்துவிடும் நிரல்கள் உண்டு. ஏற்க வேண்டிய புலங்களைப் பெயர் சொல்லிப் பட்டியலிடுங்கள்.

சோதிக்க இரண்டு விவசாயிக் கணக்குகள் தேவை. முதலாமவர் லாகின் செய்ததற்கு அடையாளமாகக் கிடைக்கும் டோக்கனோடு இரண்டாமவரின் சிட்டையைப் பார்க்க, திருத்த, அழிக்க முயலுங்கள். எல்லாவற்றுக்கும் 404 வர வேண்டும். பிடிஎஃப் இறக்கும் பாதையைக் கண்டிப்பாகச் சேருங்கள், அடிக்கடி விட்டுப்போவது அதுதான். இச்சோதனைகள் நிரல் மாறும்போதெல்லாம் தானாக ஓட வேண்டும். ஒன்று தவறினாலும் புதிய பதிப்பு வெளியே போகக் கூடாது.