ஆய்வில் பங்கேற்க அழைக்கப்படுபவருக்கு உள்ள உரிமைகள்: ஒப்புதல் படிவம் பற்றிய விளக்கம்

பல்கலைக்கழகத்திலிருந்து வரும் ஆய்வுக் குழு ஒருவரிடம் இரத்த மாதிரி கேட்கலாம். ஒரு பள்ளி வகுப்பில் வினாத்தாள் கொடுத்துப் பதில் வாங்க அனுமதி கேட்கலாம். காட்டுப் பகுதியில் வாழும் மக்களிடம் ஒரு மூலிகையின் பயன்பாட்டைப் பற்றி விசாரிக்கலாம். துறை எதுவானாலும், மனிதரிடமிருந்து தகவலோ உடல் மாதிரியோ பெறும் ஆய்வுக்குப் பொதுவான விதி ஒன்று உண்டு: என்ன செய்யப்போகிறோம் என்பதை அவருக்கு விளங்கும்படி சொல்லி, அவருடைய விருப்பமான சம்மதத்தை முன்கூட்டியே பெற வேண்டும். இதற்குத் தகவலறிந்த ஒப்புதல் என்று பெயர். நடைமுறையில் இது பெரும்பாலும் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்குவதாகச் சுருங்கிவிடுகிறது. படிவத்தை நீட்டியதும் கையெழுத்திட்டுவிடும் பலருக்கு, அந்தத் தாள் தங்களுக்கு என்னென்ன உரிமைகளைத் தருகிறது என்பது தெரிவதில்லை.

இந்த விதிகள் கசப்பான அனுபவங்களிலிருந்து பிறந்தவை. நாஜி முகாம்களில் கைதிகள் மீது பரிசோதனை நடத்திய மருத்துவர்களின் வழக்கில் 1947-இல் தீர்ப்பு வந்தபோது வகுக்கப்பட்ட நூரம்பெர்க் நெறிகள் பத்தில் முதலாவது, பங்கேற்பவரின் தன்விருப்பச் சம்மதம் இன்றியமையாதது என்பதே. உலக மருத்துவச் சங்கம் 1964-இல், மனிதரிடம் நடத்தும் மருத்துவ ஆய்வுக்கான நெறிகளைச் சொல்லும் ஹெல்சின்கிப் பிரகடனத்தை வெளியிட்டது. பலமுறை திருத்தப்பட்ட அது, கடைசியாக 2024 அக்டோபரில் திருத்தம் பெற்றது. அமெரிக்காவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, சிபிலிஸ் என்னும் பால்வினை நோயிருந்த கறுப்பின ஆண்களுக்கு அவர்களுடைய உண்மையான நோய் என்னவென்று சொல்லாமலும், அதைக் குணப்படுத்தும் பென்சிலின் மருந்து பரவலாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகும் அம்மருந்தைக் கொடுக்காமலும், நோய் எப்படி முற்றுகிறது என்று ஆய்வாளர்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அது அம்பலமானதன் விளைவாகவே அந்நாட்டில் 1974-இல் ஆய்வுச் சட்டம் வந்தது. இன்று பல நாடுகளின் சட்டங்களிலும் வழிகாட்டு நெறிகளிலும் காணப்படும் விதிகள் இந்த வரலாற்றிலிருந்து வந்தவை. நாட்டுக்கு நாடு விவரங்கள் மாறினாலும் அடிப்படை ஒன்றே.

ஒப்புதல் படிவத்தில் இருக்க வேண்டியவை: ஆய்வின் நோக்கம், நடத்தும் நிறுவனம், பணம் கொடுப்பவர், பங்கேற்பவர் செய்ய வேண்டியது, அதற்கு ஆகும் நேரம், வரக்கூடிய துன்பமும் ஆபத்தும், கிடைக்கக்கூடிய நன்மை, தகவல்கள் காக்கப்படும் விதம், கேள்வி இருந்தால் தொடர்புகொள்ள வேண்டியவர். மருந்துப் பரிசோதனையாக இருந்தால், பங்கேற்பவருக்குப் போலி மருந்து, அதாவது மருந்துப் பொருள் இல்லாமல் மருந்துபோலவே தோன்றும் ஒன்று, கிடைக்கும் வாய்ப்பு உண்டா என்பதும் சொல்லப்பட வேண்டும். "நீங்கள் பங்கேற்க மறுக்கலாம், ஒப்புக்கொண்ட பிறகும் எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் விலகலாம், அதனால் உங்களுக்குக் கிடைக்கும் சிகிச்சையோ வேறு சலுகையோ குறையாது" என்ற பொருளில் ஒரு வாக்கியம் இல்லாத படிவம் குறையுள்ள படிவம். பத்துப் பதினைந்து பக்கங்களுக்கு நீளும் படிவங்களில் இந்த வாக்கியம் எங்கோ புதைந்துகிடப்பதைத் தவிர்க்கவே, அமெரிக்காவில் 2019 முதல் நடைமுறையில் உள்ள திருத்திய விதிகள், முடிவெடுக்கத் தேவையான முக்கியத் தகவல்களைப் படிவத்தின் தொடக்கத்திலேயே சுருக்கமாகத் தர வேண்டும் என்கின்றன. படிவத்தை வீட்டுக்கு எடுத்துச் சென்று படிக்கவும், வேண்டியவர்களிடம் கலந்து பேசவும், ஒரு பிரதி தம்மிடம் வைத்துக்கொள்ளவும் கேட்பது முற்றிலும் நியாயமானது. அப்படிக் கேட்பவரைத் தொல்லையாகப் பார்க்கும் ஆய்வாளரிடம் கையெழுத்திடத் தயங்குவதில் தவறில்லை.

சம்மதத்தின் உயிர் தன்விருப்பத்தில் இருக்கிறது. மதிப்பெண் போடும் ஆசிரியரே தம் மாணவர்களிடமும், சிகிச்சை தரும் மருத்துவரே தம் நோயாளியிடமும் ஆய்வுக்கு ஒப்புதல் கேட்டால், மறுக்க முடியும் என்று தாளில் எழுதியிருந்தாலும் எதிரில் இருப்பவருக்கு வாய் வராது. அதனால்தான் மருத்துவரைச் சார்ந்திருக்கும் நிலையில் நோயாளி இருந்தால், அந்த உறவுக்கு வெளியே இருக்கும் தகுதியான வேறொருவர் ஒப்புதலைக் கேட்க வேண்டும் என்று ஹெல்சின்கிப் பிரகடனம் சொல்கிறது. கல்வி ஆய்வுகளிலும் இதே கவனம் தேவை. வகுப்பறையில் எல்லோர் முன்னிலையிலும் "விருப்பமில்லாதவர்கள் கை தூக்குங்கள்" என்று கேட்பது விருப்பத்தை அறியும் முறை ஆகாது. எல்லா மாணவருக்கும் தாள் கொடுத்து, விரும்பாதவர் நிரப்பாமலே மடித்துப் பெட்டியில் போடலாம் என்று ஏற்பாடு செய்தால், யார் மறுத்தார் என்பது ஆசிரியருக்கே தெரியாது.

குழந்தைகள் விஷயத்தில் பெற்றோர் அல்லது காப்பாளரின் அனுமதி வேண்டும். அதோடு, புரிந்துகொள்ளும் வயதுள்ள குழந்தையிடம் அதன் வயதுக்கேற்ற மொழியில் விளக்கி அதன் இசைவையும் பெற வேண்டும். அம்மா அப்பா கையெழுத்திட்டிருந்தாலும், "எனக்கு வேண்டாம்" என்று குழந்தை சொன்னால் பொதுவாக அதை மதிக்க வேண்டும்.

உடல் மாதிரிகளில்தான் சிக்கல் அதிகம், ஏனென்றால் ஊசி குத்தும் நிமிடத்தோடு அது முடிவதில்லை. எண் ஒட்டிய குழாயில் உறைநிலையில் வைக்கப்படும் இரத்தத்தைப் பல ஆண்டுகளுக்குப் பிறகும், முதலில் யாரும் நினைத்திராத கேள்விகளுக்குப் பயன்படுத்தலாம். அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பகுதியில் வாழும் ஹவசுபாய் பழங்குடியினர், தங்களிடையே பெருகியிருந்த நீரிழிவு நோயைப் பற்றிய ஆய்வு என்று நம்பி, 1990 முதல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கு இரத்தம் கொடுத்தார்கள். அதே மாதிரிகள் மனச்சிதைவு நோய், நெருங்கிய உறவுக்குள் மணம், மூதாதையர் எங்கிருந்து வந்தனர் என்பன போன்ற ஆய்வுகளுக்கும் பயன்பட்டன. 2003-இல் அந்தப் பல்கலைக்கழகத்தில் ஒரு முனைவர் பட்ட ஆய்வேடு பற்றிய உரையைக் கேட்க வந்திருந்த அம்மக்களில் ஒருவர், இதற்கு அனுமதி வாங்கப்பட்டதா என்று எழுந்து கேட்ட பிறகே விஷயம் வெளிவந்தது. 2010-இல் பல்கலைக்கழகம் 7,00,000 டாலர் இழப்பீடு கொடுக்கவும் எஞ்சிய மாதிரிகளைத் திருப்பித் தரவும் ஒப்புக்கொண்டது. ஆகவே படிவத்தில் "எதிர்கால ஆய்வுகளுக்கு" என்ற சொற்கள் இருந்தால், எந்த வகை ஆய்வு, யாரிடம் மாதிரி போகும், எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள், திரும்பப் பெற முடியுமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த ஆய்வுக்கு மட்டும் சம்மதித்து, பிற ஆய்வுகளுக்கு மறுக்கத் தனிக் கட்டம் இருப்பது நல்ல படிவத்தின் அடையாளம்.

விலகும் உரிமைக்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். பெயருக்கும் மாதிரிக்கும் உள்ள தொடர்பை முற்றிலும் அழித்துவிட்ட பிறகு எது யாருடையது என்று ஆய்வாளருக்கே தெரியாது. வெளியான கட்டுரையில் சேர்ந்துவிட்ட தரவையும் பிரித்தெடுக்க இயலாது. அந்தத் தொடர்பு எப்போது அழிக்கப்படும் என்பதை முன்பே கேட்டு வைத்துக்கொள்வது பயன்தரும்.

போக்குவரத்துச் செலவும் இழந்த நேரத்துக்கான ஈடும் தரலாம். ஆனால் ஆபத்தை மறக்கச் செய்யும் அளவுக்குப் பெரிய தொகை கூடாது. ஆய்வினால் உடலுக்குத் தீங்கு நேர்ந்தால் சிகிச்சையும் ஈடும் கிடைக்க வேண்டும் என்பது சர்வதேச நெறி. "எந்தப் பாதிப்புக்கும் நிறுவனம் பொறுப்பல்ல என்பதை ஏற்கிறேன்" என்ற வகையில் ஒரு வரி படிவத்தில் இருந்தால், அது இருக்கவே கூடாத வரி. கையெழுத்து சட்ட உரிமையைப் பறிக்கும் கருவி அல்ல.

உயிரியல், சுற்றுச்சூழல் ஆய்வுகளில் சம்மதம் தனிமனிதரைத் தாண்டி ஊருக்கும் உரியது. 2010-இல் ஏற்கப்பட்டு 2014-இல் நடைமுறைக்கு வந்த நகோயா நெறிமுறை என்ற சர்வதேச ஒப்பந்தத்தின்படி, மரபுவளத்தோடு (தாவரம், விலங்கு, நுண்ணுயிர் போன்றவற்றின் மரபுப்பொருளோடு) தொடர்புடைய பாரம்பரிய அறிவைப் பெறும் முன் அதை வைத்திருக்கும் சமூகத்தின் ஒப்புதல் வேண்டும். அதனால் வரும் பயன் நியாயமாகப் பகிரப்பட வேண்டும். இதைச் செயல்படுத்தும் முறையை அந்தந்த நாட்டுச் சட்டம் வகுக்கிறது.

எல்லா ஆய்வுக்கும் தனித்தனியே ஒப்புதல் வாங்க முடியாது. ஆபத்து மிகக் குறைவாக இருந்து, சமூகப் பயன் பெரிதாக இருந்து, ஒப்புதல் வாங்குவது நடைமுறையில் இயலாததாகவும் இருந்தால் விலக்கு அளிக்கலாம். ஆனால் அந்த விலக்கைத் தரும் அதிகாரம் ஆய்வாளருக்குக் கிடையாது. அது நெறிமுறைக் குழுவுக்கே உரியது. மருத்துவர்களும் பிற துறையினரும் மட்டுமின்றி, ஆய்வுத் துறையைச் சாராத பொதுமக்களும் இடம்பெற வேண்டிய இந்தக் குழு, ஆய்வு தொடங்கும் முன்பே திட்டத்தைப் படித்து அனுமதிக்கவும், திருத்தச் சொல்லவும், நிராகரிக்கவும் செய்யும். படிவத்தில் குழுவின் தொடர்பு விவரம் ஆய்வாளரின் எண்ணிலிருந்து தனியாக இருக்க வேண்டும். சொன்னதற்கு மாறாக ஏதேனும் நடந்தால், ஆய்வின் பெயர், தேதி, நடந்தது என்ன என்பவற்றை எழுதி, கையிலுள்ள படிவப் பிரதியை இணைத்து, நேராக அக்குழுவுக்கே அனுப்பலாம். குழுவின் விவரம் படிவத்தில் இல்லையென்றால், கையெழுத்திடும் முன்பே அதை எழுதித் தரும்படி கேளுங்கள்.