கையகப்படுத்தல் அல்ல, திரட்டல்

போன கிழமை களுவாஞ்சிக்குடியில் உயர்தர பௌதிகவியல் வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவி மொழிபெயர்ப்புக் கட்டுரை ஒன்றைக் கொண்டு வந்தாள். அணுக்கரு இணைவுச் சோதனைகளில் பழைய கட்டுப்பாட்டுக் கருவிகளை மாற்றுவது பற்றியது. ‘தரவு கையகப்படுத்தல் முறைமை’ என்ற இடத்தில் விரலை வைத்து, “சேர், இது ஆருட்ட இருந்து பறிக்கிற?” என்று கேட்டாள்.

அவள் கேட்டதில் பிழை இல்லை. ஆங்கிலத்தில் ‘டேட்டா அக்விசிஷன்’. லத்தீன் வேருக்குத் தேடி அடைதல் என்று பொருள். ‘கையகப்படுத்தல்’ என்பதைப் பிரித்தால் கைக்குள் கொண்டுவருதல். அகராதிப்படி சரி. ஆனால் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் அந்தச் சொல் காணியோடு ஒட்டிப்போய்விட்டது. வயலும் மேய்ச்சல் தரையும் கைமாறிய செய்திகளில்தான் எங்கள் பிள்ளைகள் அதைப் படித்து வளர்கிறார்கள். அந்தச் சொல்லை ஒரு அளவீட்டுக் கருவியின் தலையில் கட்டினால் யாருக்கு விளங்கும்?

சிலர் ‘பெறுகை’ என்று எழுதுகிறார்கள். எங்கள் அலுவலக அறிவித்தல் பலகையில் ‘பெறுகை’ என்றால் விலைமனு கோருவது. தரவை விலைக்கு வாங்குவதாகத்தான் அர்த்தப்படும்.

‘சேகரிப்பு’ அவ்வளவு இலேசாகத் தள்ளக்கூடிய சொல் அல்ல. நானும் பல வருடம் அதைத்தான் சொல்லிக் கொடுத்தேன். கிராம சேவகர் வீடு வீடாகப் போய் விவரம் எடுப்பது சேகரிப்பு. எடுத்ததைக் கட்டி வைத்து, ஆறுதலாகப் பார்க்கலாம். ஆனால் டோகாமாக் என்ற வளையக் கலத்துக்குள் காந்தப் புலம் பிளாஸ்மாவை, அதாவது மின்னேற்றம் பெற்ற மிகச் சூடான வாயுவை, பிடித்து வைத்திருக்கும்போது நடப்பது வேறு. சுருளில் ஓடும் மின்னோட்டம், பிளாஸ்மாவின் அடர்த்தி, வெப்பநிலை என்று ஒவ்வொன்றையும் ஒவ்வோர் உணரி அளக்கிறது. அந்தச் சமிக்ஞைகள் எண்களாக மாறுகின்றன, எல்லா எண்ணிலும் ஒரே கடிகாரத்தின் நேரம் பதிகிறது. கமாக் என்ற பழைய வகை மின்னணுப் பதிவுப் பெட்டிகள் அவற்றைத் தங்கள் நினைவகத்தில் வைத்திருக்கும், பிளாஸ்மா அணைந்த பிறகு கணினி வந்து வாசிக்கும். அந்தக் காலத்துக்குச் சேகரிப்பு ஓரளவு பொருந்தும். குஜராத்தில் 1989 இல் இயங்கத் தொடங்கிய ஆதித்யா டோகாமாக்கில் பிளாஸ்மா ஒரு விநாடிகூட நிற்காது, பெட்டி நிரம்பும் கவலை இல்லை. பிரான்சின் வெஸ்ட் கருவியோ 2025 பெப்ரவரியில் 1337 விநாடி பிளாஸ்மாவை நிறுத்தி வைத்தது. இவ்வளவு நேரத்துக்கு எண்கள் ஓடிக்கொண்டே வரவேண்டும். பிளாஸ்மா விலகாமல் பிடிக்கிற கட்டுப்பாட்டுத் தொகுதிக்கு அதே எண்கள் சில மில்லி விநாடிக்குள் போய்ச் சேரவும் வேண்டும். கட்டி வைக்க அங்கே நேரம் எது?

அதனால் நான் ‘திரட்டல்’ என்கிறேன். தயிரைக் கடையும்போது பார்த்திருப்பீர்கள், எங்கும் பரவிக் கிடந்த வெண்ணெய் கண்முன்னே ஒன்றுகூடி மிதக்கும். திரள் தானாகக் கூடுவது, திரட்டு கூட்டுவது. சிதறி வரும் அளவுகள் ஒரே நேரக்கோட்டில் கூடுவதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை. பிளாஸ்மா திடீரென்று குலையும் கணத்தில் பதிவு தவறினால் என்ன சொல்வோம்? வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்போம். சொல் ஏற்கனவே அங்கேதான் இருக்கிறது.

‘நிதி திரட்டல், ஆள் திரட்டல் என்று வேறு பொருள் வருமே’ என்று கல்முனை நண்பர் ஒருவர் மறுத்தார். வரட்டும். அந்த இரண்டிலும் பல இடத்தில் இருப்பது ஓரிடத்தில் கூடுகிறது, பறிப்பது இல்லை.

மொழிபெயர்ப்பாளர்கள்மீது எனக்குள்ள கோபம் இதுதான்: அகராதியின் முதல் வரியை எடுத்துப் போடுகிறார்கள், கருவி என்ன செய்கிறது என்று ஒருவரிடமும் கேட்பதில்லை. ‘பிளாஸ்மா’வை அப்படியே விட்டதற்கு நன்றி. அது உலகம் முழுக்க ஓடும் பெயர், இருக்கட்டும். கட்டுரைத் தலைப்பில் ‘நவீனமயப்படுத்தல்’ எதற்கு? பழைய பெட்டியைக் கழற்றிப் புதியது பூட்டுவது புதுப்பித்தல்தானே.

மாணவியின் தாளில் தலைப்பை வெட்டி இப்படி எழுதிக் கொடுத்தேன்: ‘பிளாஸ்மா சோதனையின் கட்டுப்பாட்டுத் தொகுதியையும் தரவு திரட்டல் தொகுதியையும் புதுப்பித்தல்’. வாசித்துவிட்டு, அடுத்த பந்திக்குப் போய்விட்டாள்.