ஒரே மையில் தூரமும் அண்மையும்

ரோமின் இடிபாடுகளைக் காட்டும் 17ஆம் நூற்றாண்டு அச்சோவியம் ஒன்றைப் பார்த்த வாசகர் ஒருவர், அச்சிட்டது ஒரே கறுப்பு மையில்தான் என்றால், அருகிலுள்ள தூண்கள் கறுத்தும் தொலைவிலுள்ள கொலோசியம் வெளிறியும் தெரிவது எப்படி என்று கேட்டிருக்கிறார். அவர் பார்த்தது ஓவியர் கிளோது லொரேன் 1636இல் உருவாக்கிய 'காம்போ வச்சீனோ'. பசுவெளி என்பது அதன் பொருள். பழைய ரோமானியரின் பொதுச்சதுக்கமான ஃபோரம் அக்காலத்தில் மண்மூடி, மாட்டுச் சந்தையாக இருந்தது.

இவ்வகை அச்சோவியத்துக்குச் செப்புத் தகட்டில் மெழுகும் பிசினும் கலந்த பூச்சைத் தடவி, ஊசியால் கீறி வரைந்து, அமிலத்தில் இடுவார்கள். பூச்சு நீங்கிய கோடுகளில் மட்டும் செம்பு அரிபட்டுப் பள்ளமாகும். அப்பள்ளத்தில் தங்கும் மையை, அழுத்தும் உருளை ஈரத்தாளுக்கு மாற்றும்.

வாசகரின் கேள்விக்கான விடை அமிலத் தொட்டியில் இருக்கிறது. நைட்ரிக் அமிலம் செம்பைச் செம்பு நைட்ரேட்டாக்கிக் கரைக்கும்போது எழும் வாயுக்குமிழிகள் கோடுகளில் ஒட்டிக்கொண்டு அரிப்பைத் தடுப்பதால், அவற்றை ஓர் இறகால் மெல்ல வருடி அகற்றுவார்கள். சற்று நேரத்தில் தகட்டை வெளியே எடுத்துக் கழுவி, தொலைதூரக் கோடுகளின்மேல் மட்டும் அமிலம் புகாத பூச்சிட்டு மறைத்தபின், மீண்டும் அமிலத்தில் இடுவார்கள். அடுத்து நடுத்தொலைவு மறைக்கப்படும். முன்னால் நிற்கும் தூண்கள் கடைசிவரை ஊறும். அமிலம் கீழ்நோக்கி மட்டுமன்றிப் பக்கவாட்டிலும் அரிப்பதால், நெடுநேரம் ஊறிய கோடு ஆழமாவதோடு அகலமும் ஆகி, அதிக மையை ஏந்துகிறது. ஊசி ஒன்றே, மையும் ஒன்றே; ஊறிய நேரம்தான் தொலைவாக மாறுகிறது. இதைவிட அழகான வேதியியல் பயன்பாட்டை நான் அறியேன்.

இயற்கையிலும் தொலைவு வெளிறியே தெரிகிறது. இடையிலுள்ள காற்று சூரிய ஒளியைச் சிதறடித்து நம் கண்ணுக்கு அனுப்புவதால், தொலைவிலுள்ள கரிய பொருளின்மேல் ஒளித்திரை ஒன்று படிந்து அதன் கருமை குறைகிறது. தகட்டில் செய்யும் படிப்படியான மறைப்பைத் தேர்ச்சியுடன் கையாண்டவர் பிரெஞ்சு அச்சோவியக் கலைஞர் ழாக் கலோ. கொழுப்பும் எண்ணெயும் கலந்து மறைக்கும் முறையை, இன்னொரு பிரெஞ்சுக் கலைஞரான ஆப்ரஹாம் போஸ் 1645இல் வெளியிட்ட தம் நூலில் விளக்கினார்.

அச்சிட அச்சிடத் தகடு தேயும்போது, ஆழம் குறைந்த கோடுகளே முதலில் அழிகின்றன. ஆகவே, பிந்தி அச்சிட்ட படிகளில் வானமும் தொலைதூர இடிபாடுகளும் மங்க, முன்னிற்கும் தூண்கள் மட்டும் திடமாக நிற்கும். ஒரே தகட்டின் பல படிகளை உருப்பெருக்கியின்கீழ் ஒப்பிட்டு, எது முந்தியது என்று கண்டறியும் அருங்காட்சியகப் பணிக்கு நிதி ஒதுக்குவது வீண்செலவு என்போருடன் எனக்கு உடன்பாடில்லை. வாசகர் பார்த்த படியில் கொலோசியத்தின் கோடுகள் தெளிவாக இருந்திருந்தால், அது தகடு தேய்வதற்கு முன் எடுத்த படியாக இருக்கலாம்.