சாஷேவால் காமாலை தீராது

வயதான நாய் சாப்பாட்டைக் குறைத்ததும் மருந்துக்கடையில் ஒரு லிவர் டானிக், கூடவே ஒரு புரோபயாட்டிக் சாஷே, அதாவது நல்ல பாக்டீரியா அடங்கிய தூள் பாக்கெட். கண் மஞ்சளான பிறகு கீழாநெல்லி. வயிற்றில் நீர் கோத்த பிறகுதான் கால்நடை மருத்துவர்களான எங்களிடம் தூக்கி வருகிறார்கள். இந்த வாரம் வந்த லாப்ரடாருக்கு எலிக்காய்ச்சல். அதன் சிறுநீர் வழியாக வீட்டில் இருப்பவர்களுக்கும் தொற்றக்கூடிய நோய் அது. அதைச் சொன்ன பிறகுதான் அவர்கள் முகம் மாறியது.

"நல்ல பாக்டீரியாதானே டாக்டர், கல்லீரலைச் சரிபண்ணிடும்னு சொன்னாங்களே?" யார் சொன்னார்கள்? குடலைத் தொட்டு வரும் ரத்தம் நேராகக் கல்லீரலுக்குத்தான் போகிறது. அதனால் குடல் நன்றாக இருந்தால் கல்லீரலின் சுமை குறையும். அவ்வளவுதான். கல்லீரல் கெட்டதற்கு ஒரு காரணம் இருக்கும். எலிக்காய்ச்சலா, உண்ணிக் காய்ச்சலா, பித்தப்பை அடைப்பா, கட்டியா, வலிப்புக்காக வருடக்கணக்கில் கொடுத்த மாத்திரையா? ஒவ்வொன்றுக்கும் மருத்துவம் வேறு. இவற்றில் ஒன்றைக்கூட சாஷே குணப்படுத்தாது. தயிர்சாதமும் குணப்படுத்தாது. சாஷே கொடுத்த நாட்களில் நோய் வளர்ந்ததுதான் மிச்சம்.

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை வைத்து நீங்களே முடிவுக்கு வராதீர்கள். ஏஎல்பி என்ற என்சைம் ஏறியிருந்தால் அது ஸ்டீராய்டு ஊசியாலும் இருக்கலாம். கல்லீரல் பெரும்பாலும் சுருங்கிப்போன நாய்க்கு ஏஎல்டி என்ற கல்லீரல் என்சைம் நார்மலாகவே வரலாம். அல்புமின் என்ற ரத்தப் புரதம், பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி, ஸ்கேன் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

லிவர் என்றதும் முட்டை, கறியை அடியோடு நிறுத்திவிடுகிறீர்கள். புரதத்திலிருந்து வரும் அம்மோனியாவைக் கல்லீரல் அகற்ற முடியாமல், அது மூளைக்கு ஏறித் தடுமாறும் நாய்க்குத்தான் புரதத்தில் கை வைப்போம், அதுவும் அளந்துதான். மற்ற கிழ நாய்களைப் பட்டினி போட்டுத் தசையைக் கரைக்காதீர்கள். அம்மோனியாவை அடக்குவதில் தசைக்கும் பங்கு உண்டு.

மனிதர்களுக்கான சப்பும் மாத்திரையில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருந்தால் நாய்க்கு அதுவே விஷம், கல்லீரலையே அழித்துவிடும். பூனைக்குப் பாராசிட்டமால் ஒரு துண்டுகூடக் கூடாது. பூனை இரண்டு நாள் சாப்பிடவில்லையா? மூன்றாம் நாளுக்குக் காத்திருக்காதீர்கள், கல்லீரலில் கொழுப்பு படிய ஆரம்பித்துவிடும்.

ஏழு வயது தாண்டிய நாய்க்கு வருடம் ஒருமுறையாவது ரத்தம் பாருங்கள். எலிக்காய்ச்சல் தடுப்பூசியை வயதாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். புரோபயாட்டிக் தேவைப்பட்டால் நாங்களே எழுதித் தருவோம். ஆன்டிபயாட்டிக் போகிறது என்றால் இரண்டுக்கும் நடுவே சில மணி நேரம் இடைவெளி விடுங்கள். தயவுசெய்து, வரும்போது இதுவரை கொடுத்த டப்பா, பாட்டில், அட்டை எல்லாவற்றையும் கையோடு கொண்டு வாருங்கள். என்ன கொடுத்தீர்கள் என்று தெரியாமல் மருந்து எழுத முடியாது.