பெட்டியோடு விற்காதீர்கள்

தைப்பூசக் காவடிக்கு வீடு கழுவிப் பரணை இறக்கும் அந்த இரண்டு வாரத்தில்தான் மொரீஷியஸின் ரோஸ் ஹில்லில் இருக்கும் என் பழைய புத்தகக் கடைக்குச் சித்திரக்கதைகள் பெட்டி பெட்டியாக வந்து சேரும். அப்பா வாங்கியது, மாமா பக்கத்துத் தீவான ரீயூனியனிலிருந்து கொண்டுவந்தது, பிள்ளைகள் வளர்ந்ததும் மூட்டை கட்டிப் போட்டது என்று எல்லாம் கலந்திருக்கும். கொண்டு வருகிறவர்கள் பெட்டியை மேஜையில் வைத்ததும் சொல்வது அநேகமாக ஒரே வாக்கியம்தான்: "மொத்தமா எடுத்துக்குங்க, ஒரு விலை சொல்லுங்க."

தயவுசெய்து அதை மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள், என்னிடமும்கூட. வாங்கி விற்பதுதான் என் பிழைப்பு, ஆனாலும் சொல்கிறேன். ஒரு பெட்டியில் அறுபது ஆல்பம் (தனிப் புத்தகமாக வந்த சித்திரக்கதை) இருந்தால் ஐம்பத்தைந்துக்கு மேல் சாதாரணமாகத்தான் இருக்கும், மிச்சமிருக்கும் நாலைந்தில்தான் பணம் இருக்கும். மொத்தமாக விலை பேசும்போது அந்த நாலைந்தும் குப்பையோடு குப்பையாக அடிமாட்டு விலைக்குப் போய்விடும்.

குயூர்பீப்பிலிருந்து வந்த ஓர் அக்காவை எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. அவர் அப்பாவின் பெட்டியைப் பார்க்க ஒருவர் வீட்டுக்கே வந்து, எட்டாயிரம் ரூபாயை எண்ணி மேஜையில் வைத்து, "இப்பவே கார்ல ஏத்திக்கிறேன்" என்றாராம். அக்காவுக்கு அந்த அவசரம் பிடிக்கவில்லை, அதனால் என்னிடம் கொண்டுவந்தார். ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தோம். பெரும்பாலும் எண்பதுகளின் மறுஅச்சுதான். நடுவில் டின்டின் என்ற இளம் நிருபரின் சாகசக் கதை ஆல்பங்கள், பழையவை, இரண்டு, அடியில் பழைய செய்தித்தாளில் சுற்றிய ஃபான்டாஸ்க் என்ற பிரெஞ்சு இதழ்கள் ஐந்து. இவற்றை மட்டும் தனியாக விற்றதிலேயே எட்டாயிரத்தைப் போல் பல மடங்கு வந்தது.

டின்டின் ஆல்பத்தில் எல்லோரும் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. உள்ளே போட்டிருக்கும் உரிமை ஆண்டைப் பார்த்துவிட்டு, "ஐயா, இது 1946 பதிப்பு" என்பார்கள். அந்த ஆண்டு அடுத்தடுத்த மறுஅச்சிலும் அப்படியே நிற்கும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. புத்தகத்தைத் திருப்பிப் பின்னட்டையைப் பாருங்கள். வெளிவந்த தலைப்புகளின் பட்டியல் அங்கே இருக்கும், அதில் ஆகக் கடைசியாக வந்த தலைப்பு எது என்பதுதான் கேள்வி. 'லாஃபேர் தூர்னெசோல்' வந்தது 1956இல், 'கோக் ஆன் ஸ்தோக்' 1958இல், திபெத் கதை 1960இல், காஸ்டாஃபியோர் கதை 1963இல், '714' விமானக் கதை 1968இல், 'பிக்காரோ' 1976இல். பட்டியலில் பிக்காரோ இருந்தால், உள்ளே என்ன ஆண்டு போட்டிருந்தாலும் அந்தப் பிரதி 1976க்கு முன்னால் அச்சாகியிருக்க முடியாது. அக்காவின் இரண்டு ஆல்பங்களிலும் பட்டியல் 1954இல் வந்த நிலவுக் கதையோடு நின்றிருந்தது, அதாவது தூர்னெசோல் வருவதற்கு முந்தைய அச்சு. சேகரிப்பவர்கள் ஒவ்வொரு பின்னட்டைக்கும் எழுத்தும் எண்ணும் கொடுத்து வைத்திருக்கிறார்கள், ஆல்பம் விற்பவரிடம் அவர்கள் முதலில் கேட்பதும் அதைத்தான். துணி ஒட்டிய முதுகு இருக்கிறதா, அட்டையின் உட்புறத்தாள் கருநீலத்தில் வெள்ளைக் கோட்டு உருவங்களோடு இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு புகழ்பெற்ற பிரெஞ்சு வரிசையான ஆஸ்டெரிக்ஸிலும் இதே கதைதான். முதல் ஆல்பம் 1961இல் வந்தது, முதல் அச்சு ஆறாயிரம் பிரதிதான், ஆனால் 1961 என்று போட்ட பிற்கால மறுஅச்சுகள் ஏராளம். பின்னட்டையில் பிந்தைய கதைகளின் பெயர் வரிசையாக இருந்தால் ஆசையை அங்கேயே விட்டுவிடலாம்.

கறுப்பு வெள்ளை டின்டின் கையில் பட்டால் கொஞ்சம் நிதானம் வேண்டும். 1942இல் வண்ண ஆல்பம் வரும்வரை எல்லாமே கறுப்பு வெள்ளைதான், ஆகவே அசலாக இருந்தால் பெரிய விஷயம். ஆனால் அந்தப் பழைய பதிப்புகளை காஸ்டர்மான் பதிப்பகமே பிற்காலத்தில் அச்சு அசலாகத் திரும்ப வெளியிட்டிருக்கிறது. தாள் வெள்ளை வெளேரென்று இருக்கிறதா, உள்ளே எங்காவது பொடி எழுத்தில் மறுபதிப்பு விவரம் இருக்கிறதா என்று தேடிவிட்டு அப்புறம் சந்தோஷப்படலாம்.

பெட்டியின் அடியில் கிடக்கும் மெல்லிய இதழ்களை யாரும் மதிப்பதில்லை. லியோன் நகரத்து லூக் பதிப்பகம் போட்ட ப்ளெக், ஸெம்ப்லா வகையறா, சின்ன அளவுப் புத்தகங்கள், கைக்குக் கை மாறிக் கிழிந்தவை, பெரும்பாலும் விலை சொற்பம். ஆனால் அதே பதிப்பகம்தான் அமெரிக்காவின் மார்வெல் நாயகர்களைப் பிரெஞ்சில் கொண்டுவந்தது. ஃபான்டாஸ்க் 1969 பிப்ரவரியில் தொடங்கி ஏழே இதழில் நின்றது, சிறுவர் பத்திரிகைகளைக் கண்காணிக்க 1949 சட்டத்தின்படி அமைந்த பிரெஞ்சுக் குழு எதிர்த்ததால். ஸ்ட்ரேஞ்ச் 1970 ஜனவரியில் தொடங்கியது, அதன் ஆரம்ப எண்களைத் தேடுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: விற்காமல் திரும்பிய இதழ்களை மூன்று நான்காகச் சேர்த்துப் புது அட்டை போட்டுப் பதிப்பகமே விற்றது. அந்தத் தொகுப்புக்குத் தனி இதழ்களின் விலை கிடைக்காது, அதற்காக அதைப் பிரித்தால் உள்ளதும் போய்விடும்.

சரி, புத்தகத்தின் நிலைமைக்கு வருவோம். என்னை உண்மையிலேயே வருத்தப்பட வைப்பது இதுதான். அக்காவின் இரண்டு டின்டின்களில் ஒன்றின் முதுகு லேசாகப் பிரிந்திருந்தது. கடைக்குக் கொண்டுவருவதற்கு முந்தின நாள் ராத்திரி, பார்க்க அழகாக இருக்கட்டும் என்று அவர் மகன் முதுகு நெடுக செலோடேப் ஒட்டிவிட்டான். நல்ல மனசோடுதான் செய்தான், பாவம். டேப்பின் ஓரத்தை நகத்தால் மெல்லத் தூக்கிப் பார்த்தேன், எழுபது வருஷ நிறம் ஒரு மெல்லிய தோல்போல டேப்போடு உரிந்து வந்தது. உடனே நிறுத்திவிட்டேன். பிரிந்த முதுகோடு விற்றிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய விலையில் பாதிதான் கடைசியில் கிடைத்தது. ஆகவே ஒட்டாதீர்கள், ஈரத்துணியால் துடைக்காதீர்கள், பேனாவில் எழுதிய பெயரை அழிக்காதீர்கள், துருப்பிடித்த பின்னைப் பிடுங்காதீர்கள். மேலே படிந்த தூசியை மென்மையான உலர்ந்த தூரிகையால் தட்டினால் போதும். விலைப்புத்தகங்களில் போட்டிருக்கும் விலை நல்ல நிலையில் உள்ள பிரதிக்கு. பிரெஞ்சு ஆல்பங்களுக்கு எல்லோரும் புரட்டும் பே தே எம் கையேட்டிலும் அப்படித்தான். மூலை மழுங்கி, பக்கம் கறைபட்ட பிரதிக்கு அதில் சின்னப் பங்குதான் தேறும்.

நம் தீவின் ஈரம் வேறு. குயூர்பீப், வாக்குவா பக்கம் மழையும் பனிமூட்டமும் ஓயாது, அங்கே ஐம்பது வருஷம் பரணில் இருந்த புத்தகத்தைத் திறந்தாலே பூஞ்சை வாடை மூக்கில் ஏறும். கடற்கரைப் பக்கம் உப்புக் காற்றில் கம்பிப் பின் துருப்பிடித்துத் தாளில் பழுப்புக் கறை இறங்கியிருக்கும், போதாக்குறைக்கு இராமபாணப் பூச்சி. பூஞ்சை பிடித்ததை மற்றவற்றோடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள், வெயிலிலும் காய வைக்காதீர்கள், நிறம் வெளுத்துவிடும். காற்றோட்டமான உலர்ந்த அறையில், நிழலில், விரித்து நிறுத்தி வையுங்கள். உங்கள் மூக்கு பழகியிருக்கும், பாரிஸில் பார்சலைப் பிரிப்பவருக்குப் பழகியிருக்காது, ஆகவே வாடை இருந்தால் விற்கும்போதே சொல்லிவிடுங்கள்.

எங்கே விற்பது? என்னைப் போன்ற கடைக்காரரிடம் விற்றால் அன்றே பணம், ஆனால் பாதி விலைக்கு மேல் என்னால் தர முடியாது, வாங்கியதை மாதக்கணக்கில் வைத்துக்கொண்டு ஆள் தேட வேண்டும். நடுத்தர விலை போகிறவற்றை இணையத்தில் ஒவ்வொன்றாகப் போடலாம், பொறுமை வேண்டும். ஈபேயில் பார்க்கும்போது ஆட்கள் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், விற்று முடிந்ததைத் தனியாகக் காட்டும் வடிகட்டி இருக்கிறது, அதை அழுத்துங்கள். ஒரே ஆல்பத்துக்கு ஒருவர் 900 யூரோ கேட்டுக்கொண்டே இருப்பார், விற்றதெல்லாம் 150க்குப் போயிருக்கும்.

உண்மையிலேயே அரிய ஒன்று அகப்பட்டால் மட்டும் பாரிஸ், பிரஸ்ஸல்ஸ் ஏலக்கூடங்களுக்குப் படம் அனுப்புங்கள். அங்கேயும் கணக்கு புரிந்திருக்க வேண்டும். 1936இல் டின்டினை உருவாக்கிய எர்ஜே 'நீலத் தாமரை' என்ற டின்டின் ஆல்பத்தின் அட்டைக்காக வரைந்த மூல ஓவியம் 2021 ஜனவரியில் பாரிஸில் ஆர்ட்கூரியால் ஏலத்தில் போனது. ஏலத்தில் சுத்தியல் விழுந்த விலை 26 லட்சம் யூரோ, செய்தியில் வந்ததோ ஏறத்தாழ 32 லட்சம். நடுவில் இருப்பது வாங்கியவர் ஏலக்கூடத்துக்குக் கட்டிய கட்டணம், விற்றவருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. விற்பவரின் கணக்கு சுத்தியல் விலையில் தொடங்கும், அதிலிருந்தும் அவர் பங்குக்கு ஒரு கமிஷன் பிடிப்பார்கள். (அந்தச் செய்தி வந்தபோது கையில் நீலத் தாமரை மறுஅச்சோடு வந்தவர்களிடம், விற்றது ஆல்பம் இல்லை, ஓவியம் என்று சொல்லித் திருப்பி அனுப்புவதற்குள் எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது.) கமிஷன் எத்தனை சதவீதம், படம் எடுக்கவும் காப்பீட்டுக்கும் தனிக் கட்டணமா, இந்த விலைக்குக் கீழே விற்கக் கூடாது என்று நாம் எல்லை வைக்கலாமா, போகாவிட்டால் திருப்பி அனுப்பும் செலவு யாருடையது, பணம் எத்தனை நாளில் வரும் என்பதையெல்லாம் எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே புத்தகத்தை அனுப்புங்கள். கமிஷனைப் பேசிக் குறைக்கலாம், நல்ல சரக்கு என்றால் குறைப்பார்கள்.

அமெரிக்க இதழ்கள் இருந்தால் வழி வேறு. அங்கே சிஜிசி போன்ற நிறுவனங்கள் 10க்கு இத்தனை என்று தரம் போட்டு பிளாஸ்டிக் உறைக்குள் அடைத்துத் தரும், வாங்குபவர்கள் அந்த எண்ணைத்தான் கேட்பார்கள். பிரெஞ்சு ஆல்பத்துக்கு அந்தச் செலவு வேண்டாம், வாங்குபவர் கையில் எடுத்துப் புரட்டிப் பார்க்கவே விரும்புவார். சென்னைக்குப் போனபோது யாரோ வாங்கிவந்த முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் இருந்தால் அவற்றை பாரிஸுக்குக் காட்டிப் பயனில்லை. முத்து காமிக்ஸ் 1972இல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியது, அதைச் சின்ன வயதில் படித்துத் தொலைத்தவர்கள் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள், அவர்கள்தான் விலை தருவார்கள்.

இந்த வருஷம் பரணை இறக்கினால் முதலில் ஐந்து படம் எடுங்கள்: முன்னட்டை, பின்னட்டை, முதுகு, தலைப்புப் பக்கம், அட்டையின் உட்புறத்தாள். ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில், பிளாஷ் போடாமல், கிழிசல் இருந்தால் அதையும் கிட்டத்தில் வைத்து. அந்தப் படங்களை ஒருவருக்கு இரண்டு மூன்று பேரிடம் காட்டுங்கள். கடைக்குக் கொண்டுவருவதானால் பெட்டியைப் பிரித்து அடுக்காமல் இருக்கிறபடியே கொண்டுவாருங்கள், பார்த்துச் சொல்வதற்கு நான் காசு வாங்குவதில்லை, பார்த்த அன்றே விலையும் பேசுவதில்லை.