ஷட் டவுன் கொடுத்த பிறகும் ஃபேன் சுற்றுகிறதா?

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடை. மாடியில் சின்னதாக ஒரு கணக்கு அறை. அங்கே கணக்குப் பார்க்கும் அக்கா எனக்குப் போன் செய்தது ஒரு மாதத்தின் 19ஆம் தேதி ராத்திரி. மறுநாள் ஜிஎஸ்டிஆர் 3பி என்கிற மாத ஜிஎஸ்டி கணக்கைத் தாக்கல் செய்யக் கடைசி நாள். "தம்பி, கணக்கு ஃபைலே தொறக்கல. நான் ஒண்ணுமே பண்ணல தம்பி" என்றார். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது.

போய்ப் பார்த்தேன். டேட்டா ஃபைல் பாழாகியிருந்தது. பென் டிரைவில் இருந்த பேக்கப் 11 நாள் பழசு. அந்த 11 நாள் பில்களையும் கட்டுக் கட்டாக எடுத்து வைத்துக்கொண்டு அவரும் கடைப் பையன் ஒருவரும் விடிய விடிய ஏற்றினார்கள்.

"ராத்திரி எப்படிக்கா ஆஃப் பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"ஷட் டவுன் குடுப்பேன். ஸ்கிரீன் கறுப்பாயிடும். ஆனா ஃபேன் சுத்திக்கினே இருக்கும், லைட்டும் எரியும். கடைய பூட்டணும்ல? சுவத்து சுவிட்ச தட்டிட்டுப் போயிடுவேன். அஞ்சாறு மாசமா அப்படித்தான்."

வடசென்னையில் கம்ப்யூட்டர் சர்வீஸுக்குப் போகிற இடங்களில் இந்தப் பதிலை நான் அடிக்கடி கேட்கிறேன். ஸ்கிரீன் கறுப்பானால் சிஸ்டம் ஆஃப் ஆகிவிட்டது என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். அந்த நேரத்தில்தான் விண்டோஸ் மிச்சம் இருப்பதை டிஸ்க்கில் எழுதி மூடிக்கொண்டிருக்கும். நடுவில் கரண்டை வெட்டினால் பாதி எழுதிய ஃபைல் பாதியோடு நிற்கும். பத்து நாள் தப்பிக்கலாம், பதினோராவது நாள் மாட்டும்.

முதலில் ஒன்று புரிய வேண்டும். உங்கள் சிபியு பெட்டியின் முன்னால் இருக்கிற பவர் பட்டன் கரண்டை வெட்டும் சுவிட்ச் அல்ல. 1995க்கு முந்தைய பெட்டிகளில் அது நிஜமான சுவிட்ச். தட்டினால் டக்கென்று கரண்ட் போகும். அதனால்தான் விண்டோஸ் 95, வேலையை முடித்துவிட்டு "இப்போது நீங்கள் அணைக்கலாம்" என்று ஸ்கிரீனில் எழுதிக் காட்டிக் காத்திருந்தது. 1995இல் இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் முறையில் இது மாறியது. பட்டன் மதர்போர்டுக்கு, அதாவது உள்ளே இருக்கும் முக்கிய போர்டுக்குச் சொல்லும், மதர்போர்டு எஸ்எம்பிஎஸ்ஸுக்கு, அதாவது கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளை பெட்டிக்குச் சொல்லும். பெட்டியைத் திறந்தால் 24 பின் கனெக்டரில் ஒரு பச்சை ஒயர் தெரியும். மதர்போர்டு அந்தப் பச்சையை கிரவுண்டோடு (கறுப்பு ஒயரோடு) சேர்த்துப் பிடித்திருக்கும் வரை எஸ்எம்பிஎஸ் ஓடும். விட்டால் நின்றுவிடும். ஷட் டவுனின் கடைசி நொடியில் நடப்பது இந்த 'விடுதல்' மட்டும்தான். கூடவே ஊதா நிற ஒயர் ஒன்று இருக்கும். பிளக் சொருகி இருக்கும் வரை, சிஸ்டம் ஆஃப் ஆனாலும், அதில் 5 வோல்ட் வந்துகொண்டேதான் இருக்கும்.

எனவே ஷட் டவுன் ஆன பிறகும் மவுஸ் லைட் எரிகிறது என்றால் பயப்பட ஒன்றுமில்லை. அந்த ஊதா ஒயரின் 5 வோல்ட்தான் அங்கே எரிகிறது. பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் ஓடும் மதர்போர்டின் சொந்த செட்டிங் ஸ்கிரீனில்) இஆர்பி என்று, ஆஃபில் கரண்டை மிச்சப்படுத்தும் ஒரு ஆப்ஷன் இருந்தால் அதை எனேபிள் செய்யுங்கள், அணைந்துவிடும். ஆனால் சிபியு ஃபேன் சுற்றுகிறது, பவர் லைட் எரிகிறது என்றால் அது நிஜமான கோளாறு.

கோளாறு விண்டோஸிலா, ஹார்டுவேரிலா? நான் முதலில் பார்ப்பது இதைத்தான். இதற்கு ஸ்குரூ டிரைவர் கூடத் தேவையில்லை. சிஸ்டத்தை ஆன் செய்து, டெலீட் அல்லது எஃப்2 தட்டி பயாஸ் ஸ்கிரீனுக்குள் போங்கள். அங்கே இருக்கும்போது பவர் பட்டனை ஒரே ஒரு தட்டு. விண்டோஸ் இன்னும் எழுந்திருக்கவே இல்லை, தடுக்க யாரும் கிடையாது. உடனே எல்லாம் நின்றால் மதர்போர்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் நல்லபடி இருக்கின்றன, குற்றவாளி விண்டோஸ் பக்கம். நிற்கவில்லை என்றால் பெட்டியைத் திறக்கத்தான் வேண்டும்.

அக்காவின் சிஸ்டம் பயாஸில் ஒரே தட்டில் நின்றது. அடுத்து ஷிஃப்ட் கீயை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஷட் டவுன் கொடுத்தேன். சுத்தமாக ஆஃப் ஆனது. பாதி விடை அங்கேயே கிடைத்துவிட்டது. 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று இருக்கிறது. மறுநாள் சீக்கிரம் எழுவதற்காக, ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுசாக மூடாது. தன் உள்பகுதியை டிஸ்க்கில் எழுதிவைத்துவிட்டுத் தூங்கும். ஹார்டுவேரை விண்டோஸோடு பேசவைக்கும் சாஃப்ட்வேரான டிரைவர் எதுவும் பழசாக இருந்தால் அந்த இடத்தில் சிக்கிக்கொள்ளும். ஷிஃப்ட் பிடித்தால் இந்த வேலையை விட்டுவிட்டு முழு ஷட் டவுன் நடக்கும். ரீஸ்டார்ட்டும் அப்படியே. "ரீஸ்டார்ட் குடுத்தா ஒழுங்கா ஆவுது, ஷட் டவுன் குடுத்தாதான் பிரச்சினை" என்று யாராவது சொன்னால் எனக்கு முதல் சந்தேகம் இதன் மேல்தான்.

கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்கிற பக்கத்தில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிக்கை எடுத்தேன். டிக் மங்கலாகத் தெரிந்தால், மேலே இருக்கும் 'செட்டிங்ஸை மாற்று' வரியை முதலில் அழுத்த வேண்டும். ஆனால் அதோடு விட்டுவிடக் கூடாது, சிக்கவைத்த டிரைவர் அப்படியே இருக்கிறதே. மதர்போர்டு கம்பெனியின் தளத்தில் அந்த மாடலுக்கான சிப்செட் டிரைவரையும் இன்டெல் மேனேஜ்மென்ட் என்ஜின் டிரைவரையும் இறக்கிப் போட்டேன். பிறகு ஐந்து முறை ஆன் செய்து ஆஃப் செய்து பார்த்தேன். ஐந்து முறையும் நின்றது.

ஹார்டுவேர் பக்கம் என்றால் காசிமேடு ஞாபகம் வருகிறது. மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஏலக் கணக்கு எழுதும் ஓர் அறை. கடல் காற்று நேராக உள்ளே அடிக்கும். அங்கே ஷட் டவுன் ஆகும், இரண்டு நொடியில் தானே திரும்ப ஆன் ஆகும், நாலு நொடியில் மறுபடி ஆஃப், மறுபடி ஆன். "இன்னாண்ணே இது, பேய் புடிச்ச மாரி ஆடுது?" என்றார் அங்கே இருந்தவர். அந்த நாலு நொடிதான் துப்பு. பட்டனை நாலு நொடி அழுத்திப் பிடித்தால் மதர்போர்டு வலுக்கட்டாயமாக ஆஃப் ஆகும் என்பது விதி. அப்படியானால் யாரோ பட்டனை அழுத்திப் பிடித்தபடியே இருக்க வேண்டும். முன்பக்கத்தைக் கழற்றிப் பார்த்தால், பட்டாணி அளவு சுவிட்ச், அதன் கால்களில் பச்சையாகப் பொடிப் பொடியாக உப்புக் களிம்பு. அமுங்கிய பட்டன் மேலே வரவில்லை. மதர்போர்டில் இருந்து அந்த இரண்டு பின் ஒயரை உருவியதும் ஆட்டம் நின்றது. ரீசெட் பட்டனின் ஒயரை அந்த இடத்தில் சொருகி அன்றைய வேலையை ஓட்டினோம். ராயபுரம், திருவொற்றியூர் கடலோர வீடுகளிலும் இதைக் கவனியுங்கள். மதர்போர்டையே மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால், முதலில் இந்த ஒயரை உருவிப் பார்க்கச் சொல்லுங்கள்.

எஸ்எம்பிஎஸ் மேல் சந்தேகம் இருந்தால், பிளக்கைக் கழற்றிவிட்டு 24 பின் கனெக்டரையும் பிராசஸர் பக்கத்து கனெக்டரையும் மதர்போர்டிலிருந்து எடுத்துவிடுங்கள். பிறகு எஸ்எம்பிஎஸ்ஸுக்கு மட்டும் கரண்ட் கொடுங்கள். பச்சை ஒயர் சும்மா தொங்கும்போது அதன் ஃபேன் சுற்றவே கூடாது. சுற்றினால் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றுங்கள். அதைத் திறந்து பழுது பார்க்க மட்டும் வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

பெரம்பூரில் ரயில்வேயிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர், ராத்திரி இரண்டு மணிக்கு சிஸ்டம் தானே ஆன் ஆகிறது, யாரோ ஹேக் செய்கிறார்கள் என்று தூக்கமில்லாமல் இருந்தார். கரண்ட் போய் வரும் நாளில் மட்டும்தான் இது நடக்கிறது என்பதை அவரே குறித்து வைத்திருந்தார். பயாஸில் கரண்ட் திரும்பினால் ஆன் ஆகும்படி செட்டிங் இருந்தது. 'பவர் ஆஃப்' என்று மாற்றினேன், ஐந்து நிமிட வேலை. கரண்ட் போகாமலே ஆன் ஆகிறது என்றால் டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டரின் வேக் ஆப்ஷன்களை (நெட்வொர்க் வழியாக சிஸ்டத்தை எழுப்புபவை) பாருங்கள்.

சுவர் சுவிட்சைத் தட்டவே கூடாதா என்று கேட்பார்கள். தாராளமாகத் தட்டலாம், இடி மின்னல் காலத்தில் தட்டத்தான் வேண்டும். ஃபேன் நின்று, பவர் லைட் அணைந்த பிறகு தட்டுங்கள். ஐந்து நிமிடம் ஆகியும் நிற்கவில்லையா? பவர் பட்டனை நாலு நொடிக்கு மேல் அழுத்திப் பிடியுங்கள். அதுவும் ஆபத்து இல்லாத வழி அல்ல. ஒரு நாள் செய்யலாம், தினம் செய்யக் கூடாது.

இன்னொன்று, உயிர் விஷயம். வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பழைய வீடுகள் சிலவற்றில் மூன்று ஓட்டை பிளக் பாயின்ட் இருக்கும், எர்த் ஒயர் மட்டும் இருக்காது. சிஸ்டம் ஆஃபில் இருக்கும்போதும் கேபினெட்டைத் தொட்டால் சுரீர் என்கிறதா? எர்த் இல்லாத வீட்டில் எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபில்டர் வழியாகக் கசியும் கரண்ட்டாக அது இருக்கலாம், இன்சுலேஷன் போய்விட்டதாகவும் இருக்கலாம். தொட்டுப் பார்த்து இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிசெய்யும் வரை அந்தப் பிளக்கில் சிஸ்டத்தைப் போடாதீர்கள். ராம் (மெமரி) கழற்றித் துடைப்பதாக இருந்தாலும் ஷட் டவுன் மட்டும் போதாது. பிளக்கை முழுசாகக் கழற்றுங்கள். பிறகு பவர் பட்டனை ஒரு முறை அழுத்துங்கள், மிச்சக் கரண்ட் வடியும். மதர்போர்டில் சின்ன லைட் இருந்தால் அது அணையும் வரை பொறுத்திருந்து அப்புறம் கையை உள்ளே விடுங்கள்.